லோடு பத்தலை

ஜெனரேட்டர் மறுபடியும் நின்றுவிட்டது.

"என்னடா ஓட்டுறே? தள்ளுவண்டியா இது?" வெல்டிங்காரர் கடையிலிருந்து கத்தினார்.

"நீங்கதான் கரண்டை ஜாஸ்தியா இழுத்திருக்கீங்க. மீட்டர் முள்ளு சிவப்புக்குப் போய் ட்ரிப் ஆயிடுச்சு!"

"நான் இன்னும் ஹோல்டரையே தொடலைடா!"

மதிலுக்கு மேலே டீச்சர் தலை தெரிந்தது. கணக்கில் என்னை ஃபெயிலாக்கி, படிப்பே வேண்டாமென்று ஓடவைத்த அதே டீச்சர்.

"ஏண்டா, நான் இவ்வளவு உதவி பண்ணியும் உனக்கு ஓட்டத் தெரியலையா? இங்கே அவருக்கு மூச்சு இழுக்குது. சீக்கிரம் போடு!"

தலை மறைந்தது. உதவியாம்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

விஷயம் இதுதான். தெருவில் கரண்ட் போனதிலிருந்து, பட்டாளத்து ஏலத்தில் எடுத்த டீசல் ஜெனரேட்டரை வைத்து அத்தை எல்லாருக்கும் காசுக்கு லைன் கொடுக்கிறாள். டீச்சர் வீட்டுக்காரர் ஆக்சிஜன் மிஷினில் இருக்கிறார். டீச்சர் கையில் காசில்லை. இனாமாகக் கொடுத்தால் வாங்கவும் மாட்டார், அவ்வளவு ரோஷம். அதனால் அத்தை ஒரு புளுகு விட்டாள்.

"டீச்சர், இது பட்டாளத்து மிஷின். லோடு கம்மியா ஓடினா உள்ளே கரி கட்டி, சைலன்சர்ல கறுப்பா ஒழுகும். உங்க ஆக்சிஜன் மிஷினை நம்ம லைன்ல போட்டீங்கன்னா பெரிய உபகாரம்."

கரி கட்டும் என்பது நிஜம். லோடு பத்தலை என்பதுதான் பொய். பாதித் தெரு எங்கள் லைனில் தொங்குகிறது.

திரும்ப ஸ்டார்ட் செய்தேன். முக்கி முனகி ஓடியது. ஒரே கறுப்புப் புகை. வாங்கி வைத்த டீ ஆறுவதற்குள் மறுபடி நின்றது.

"அத்தை, இப்படியே ஓட்டினா இஞ்சின் ஜாம் ஆயிடும். அப்புறம் யாருக்குமே கரண்ட் கிடையாது. டீச்சர்கிட்ட உண்மையைச் சொல்லிடலாம்."

"உன் வாயில நல்லதே வராதாடா?"

"பொய் சொன்னது நீங்க."

அத்தை ஸ்பேனரைத் தரையில் போட்டாள்.

"சரி, போ. லோடு ஜாஸ்தி, இனிமே தாங்காதுன்னு பட்டுனு சொல்லிடு. அவரை ஆஸ்பத்திரிக்கு மாத்தட்டும். பாதியில நின்னு உயிர் போறதுக்கு அது மேல். எனக்கு அவங்க முகத்தைப் பார்த்துச் சொல்ல வராது. உனக்குத்தான் மூஞ்சிக்கு நேரா பேசுறது பழக்கமாச்சே."

இஞ்சினை மறுபடி ஸ்டார்ட் செய்துவிட்டு டீச்சர் வீட்டுக்கு ஓடினேன். அடுத்த தடவை நிற்பதற்குள் சொல்லி முடித்துவிட வேண்டும்.

கதவைத் திறந்ததுமே அனல் முகத்தில் அடித்தது.

மூக்கில் குழாயோடு டீச்சர் வீட்டுக்காரர் கட்டிலில் தொப்பலாக நனைந்து உட்கார்ந்திருந்தார். அவரைச் சுற்றி இரண்டு இஸ்திரிப் பெட்டிகள், நிமிர்த்தி வைத்தபடியே சூடாகிக்கொண்டிருந்தன. மூலையில் ரூம் ஹீட்டர். வாளியில் ஹீட்டர் கம்பி போட்டு, தண்ணீர் தளதளவென்று கொதித்தது.

"என்னை வேகவச்சுட்டுத்தான் விடுவா, தம்பி," என்றார் அவர், மூச்சு வாங்கிக்கொண்டே.

டீச்சர் இன்னொரு இஸ்திரிப் பெட்டியின் ஒயரைப் பிரித்துக்கொண்டிருந்தார். முகமெல்லாம் வியர்வை.

"வாடா. உங்க மிஷின் நிக்க நிக்க, நானும் ஒண்ணொண்ணா கூடப் போட்டுட்டுத்தான் இருக்கேன். அக்கம்பக்கத்துல எல்லாம் இரவல் வாங்கியாச்சு. உங்க அத்தை கேட்கக் கூச்சப்படுவா, நீ சொல்லு. லோடு போதுமா, இன்னும் பத்தலையா?"

வெளியே இஞ்சின் சத்தம் இறங்க ஆரம்பித்தது. பாய்ந்துபோய் ஒவ்வொரு ஸ்விட்சாக அணைத்தேன். ஆக்சிஜன் மிஷினை மட்டும் விட்டுவிட்டேன். சத்தம் சீரானது.

"டேய், என்னடா பண்றே? கரி கட்டிடாதா?"

"கட்டாது டீச்சர். ஆக்சிஜன் மிஷின் லோடுதான் எங்க மிஷினுக்கு ஒத்துக்குது. அதை மட்டும் தயவுசெஞ்சு நிறுத்திடாதீங்க."

அத்தை சொல்லி அனுப்பியதை நான் சொல்லவே இல்லை.