பீச்சாங்கை

தாராவிச் சந்தில் விடிந்து வெகுநேரமாகியும் வீட்டுக்குள் டியூப்லைட்தான் எரிகிறது. கீழ்வீட்டுத் தையல் மெஷின்கள் ஓடும் அதிர்வில், கட்டிலோரம் ஸ்டூலில் வைத்த கஞ்சிக் கிண்ணம் மெல்ல நடுங்குகிறது. இருதயமேரி சுடுதண்ணீர்ச் சட்டியிலிருந்து கைகளை எடுத்துப் பார்க்கிறாள். முடக்குவாதம் வந்த விரல்கள் காலையில் இப்படித்தான், கணுக்கணுவாக வீங்கிக் கட்டையாய் நிற்கின்றன. ஸ்பூனின் காம்பில் கனமாகத் துணி சுற்றி வைத்திருக்கிறாள்; அப்படியும் அது நழுவிக் கிண்ணத்தில் விழுகிறது. கட்டிலில் சாய்ந்திருக்கும் கணவர் ஞானசீலனுக்குப் பக்கவாதத்தில் வலப்பக்கம் செத்துக் கிடக்கிறது. இடது கைக்கு ஒரு குறையும் இல்லை. அதில் டிவி ரிமோட்டைப் பிடித்துக்கொண்டு சேனல் சேனலாகத் தாவிக்கொண்டிருக்கிறார்.

“வெரலு மடங்க மாட்டேங்கு. இன்னைக்கு மட்டும் நீங்களே அந்தக் கையால சாப்பிடுங்களேன்,” என்கிறாள்.

“பீச்சாங்கையாலயா?” கோணிய வாயில் சொல் குழறி வருகிறது. “நான் மனுசன் இல்லியாட்டீ?”

“அந்தக் கைக்கு இப்ப என்ன வேலை? கழுவி விடுதது நாந்தான.”

அவர் ரிமோட்டைக் கீழே வைக்கிறார். இடது கை கிண்ணத்தை நோக்கி நீள்கிறது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கிறாள். அது ஸ்பூனை எடுத்து அவள் உள்ளங்கையில் வைக்கிறது. விறைத்த விரல்களை ஒவ்வொன்றாக அதன்மேல் அழுத்தி மடக்குகிறது. வலியில் அவளுக்குக் கண் இருட்டிக்கொண்டு வருகிறது. கடைசி விரலையும் மடக்கிவிட்டு, அவர் தலையணையில் சாய்ந்து வாயைத் திறக்கிறார்.