நடுக்கிளைப் பேரம்

பனி மூடிய மாமரம் ஒன்றில், தென்கிளைச் சிவப்பெறும்புகளுக்குத் தாமாகத் தின்னத் தெரியாது. சிறைபிடித்து வந்த கறுப்பெறும்புகள்தான் அவற்றுக்கு ஊட்டிவிட வேண்டும். அந்த அடிமைகளில் மிளகி என்பவள் ஒருநாள், சுதந்திரக் கறுப்பெறும்புகள் வாழும் வடகிளைக்கு ஓடிவிட்டாள்.

விடிந்ததும் தென்கிளைத் தலைவர் படையோடு நடுக்கிளைக்கு வந்து நின்றார். "எங்க ஆளைக் கொடுத்துடு. இல்லேன்னா மரம் ரெண்டாயிடும்!"

"கோபப்படாதீங்கண்ணே," என்று, மிளகியையும் கூட்டிக்கொண்டு எதிரே வந்த வடகிளைத் தலைவர் குழைந்தார். "பாதி நாள் உங்ககிட்ட, பாதி நாள் இங்க. பேரம் முடிஞ்சுதுன்னு வைங்க. முதல்ல தேன் சாப்பிடுங்க."

மிளகிக்குத் தன் உடம்பே பனியில் கரைந்து இரண்டாகப் பிரிந்து மிதப்பதுபோல் இருந்தது. அவளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

தென்கிளைத் தலைவர் பழக்கதோஷத்தில் அவள் பக்கம் திரும்பி வாயைத் திறந்தார். பின்னால் படை மொத்தமும் வாயைத் திறந்தது.

"ஏன்யா, உங்க கைக்கு என்ன கேடு?" என்றாள் மிளகி.

படைக்கு ஊட்ட வந்திருந்த கறுப்பெறும்புகள் தேன்துளியோடு அப்படியே நின்றன. ஒருத்தி மெல்லத் தன் துளியைத் தானே குடித்தாள். பக்கத்திலிருந்தவளும் குடித்தாள். பிறகு வரிசை முழுக்கக் குடித்தது.

தேனுக்குத் திறந்திருந்த தலைவரின் வாயிலிருந்து, "யுத்தம்!" என்ற சொல் வெளியே வந்தது.