அழைப்பு மணியை மூடிய கை

மகள் பூங்கோதை கேஸ் கம்பெனி செலவில் ஊர் ஊராகப் போய்ப் பாதுகாப்பு வகுப்பெடுக்கும் வேலையைப் பற்றி, பெண் பார்க்க வருகிறவர்களிடம் வாயைத் திறக்கக் கூடாது என்று அவளிடம் சொல்லிவைத்திருந்தார் தணிகாசலம். வந்தவர்களை மாடிக்கு அழைத்துப்போய், பழக்கத்தில் அழைப்பு மணியை அழுத்தப் போனார். விரல் ஒரு புறங்கையில் பட்டது. பட்டுச்சேலையில் பூங்கோதை, மணியை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு கதவுக்கு வெளியே நின்றிருந்தாள்.

“அடிக்காதீங்கப்பா. உள்ள கேஸ் கசிஞ்சிருக்கு, மணியில பொறி வந்தாலே பத்திக்கும். ரெகுலேட்டர மூடி, ஜன்னலெல்லாம் திறந்துட்டேன். எல்லாரும் கீழ இறங்குங்க.”

“நல்ல நேரம் முடியப்போவுதேம்மா” என்றாள் பையனின் அம்மா. பூங்கோதை கையை எடுக்கவில்லை. தட்டுகளோடு எல்லோரும் இறங்கினார்கள்.

தெருவிலிருந்து அண்ணாந்து பார்த்தபடி அந்த அம்மா கேட்டாள்: “இதெல்லாம் பொண்ணுக்கு யாரு சொல்லிக்குடுத்தது?”

தணிகாசலம் தோள்துண்டை உதறிப் போட்டுக்கொண்டார்.

“அவதாங்க ஊருக்கே சொல்லிக்குடுக்குறா.”