பக்கத்துக் கதிரை

"ஞாயிற்றுக்கிழமை கண்டிக்குப் படிக்கப் போறதப் பத்தி வாய் தொறக்காதீங்க மகள். இந்தச் சம்பந்தமும் தட்டிப் போகும்."

குசினி அடுப்படியில் உம்மா ஜஹானா கெஞ்சினாள். படிப்பை விடமாட்டேன் என்று ரிப்கா சொன்னதால் ஏற்கெனவே இரண்டு சம்பந்தங்கள் நின்றுபோயிருந்தன. தேத்தண்ணித் தட்டில் அவள் கோப்பைகளை அடுக்கினாள்.

முன்னறையில் மாப்பிள்ளையின் உம்மா காத்திருந்தார். ஜஹானா போய் அமர்ந்தாள்.

"மகள் என்ன செய்றா?"

"படிப்பெல்லாம் முடிஞ்சி. ஊட்டுல தான் ஈக்கிறா. நல்லா சமைப்பா."

"அப்படியா? எனக்கு ஒரு நிபந்தனை ஈக்கி. புள்ளயும் வரட்டும், செல்றேன்."

ஜஹானா மகளைக் கூப்பிட்டாள். குனிந்த தலையோடு வந்த ரிப்கா நிமிர்ந்து பார்த்தாள். தேத்தண்ணி தட்டில் சிந்தியது.

"மாமி! நீங்களா?"

"நானே தான். தரகர அனுப்பினதும் நான் தான். ஒவ்வொரு ஞாயிறும் வகுப்புல எனக்குப் பக்கத்துக் கதிரையில இருந்து பாடம் விளங்கப்படுத்துறது யாரு? உம்மா சமையல் மட்டும் தான் எண்டு செல்றாவே!"

ஜஹானாவுக்கு முகம் சிவந்தது. "நீங்களும் படிக்கிறீங்களா? இந்த வயசுலயா?"

"இருவது வயசுல கல்யாணம் எண்டு நிப்பாட்டினாங்க. இப்ப எனக்கு ஞாயிறு மட்டும் போதும். இவ இளம் புள்ள. எங்கட ஊட்டுக்கு வந்தா முழுநேரமாப் படிக்கணும். அது தான் நிபந்தனை."

ரிப்காவின் கண்கள் நிறைந்தன. ஜஹானா தயங்கியபடி கேட்டாள்.

"அப்ப சமையல்?"

"எங்கட மகன் ஸிபான் நல்லா சமைப்பான்."