பட்டியலில் இல்லாத ஆவணம்

"முதல்ல அந்த ஆளைக் காலி பண்ணுங்க ஐயா. மத்ததை அப்புறம் பேசலாம்" என்றார் வக்கீல் சங்கச் செயலாளர்.

கோர்ட் மாடியில் குழு கூடியிருந்தது. சிவில் வழக்குகள் ஏன் இப்படிக் குவிகின்றன, எப்படிச் சீக்கிரம் முடிப்பது என்று அரசாங்கத்துக்கு எழுதிக் கொடுக்க வேண்டிய குழு.

தலைவர் ஓய்வு பெற்ற நீதிபதி. உத்தியோகத்தைத் தொடங்கியதே, அப்போது கோர்ட் ஹாலாக இருந்த இந்த அறையில்தான். வந்ததிலிருந்து ஜன்னல் கம்பியையும் நாற்காலிக் கையையும் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என் காலத்துல இந்த மேஜையில ஒரு கேஸ் கட்டு தங்காது. சொத்து வழக்கா? எட்டே மாசம்! 'எட்டு மாச ஜட்ஜ்'னுதான் எனக்குப் பேரே."

காலையிலிருந்து இது மூன்றாவது தடவை. எல்லோரும் மூன்றாவது தடவையாகச் சிரித்தார்கள்.

புள்ளிவிவர அதிகாரி தன் தாளை நீட்டினார். "எனக்கு ஒண்ணு புரியலைங்க ஐயா. எல்லா இடத்துலயும் கூடப்பிறந்தவங்க வழக்கு ஏறிக்கிட்டே போகுது. இந்தக் கோர்ட்ல மட்டும் பாதியாக் குறைஞ்சிருக்கு. இங்கே சமரச மையம்கூடக் கிடையாது."

"அதைத்தானேம்மா நானும் சொல்றேன்!" செயலாளர் மேஜையைத் தட்டினார். "மாடிப்படிக்குக் கீழே ஒரு டைப்பிஸ்ட் இருக்காரே, எல்லாம் அவர் கைங்கரியம். அண்ணன் மேல, தங்கச்சி மேல வழக்குப் போட யார் வந்தாலும், 'ஒரு ஆவணம் குறையுது, கொண்டு வாங்க'ன்னு அனுப்பிடறார். போனவங்க போனவங்கதான். திரும்பி வர்றதில்லை."

"மனுவை வேற இடத்துல டைப் அடிச்சுக்கறதுதானே?" என்றார் தலைவர்.

"அவர் அடிச்ச மனுவைத்தான் கோர்ட் ஆபீஸ்ல ஒரு குத்தம் சொல்லாம வாங்கறாங்க. அந்தத் திமிர்!"

"அப்படி என்ன ஆவணம்?"

"சிரிக்காதீங்க. ரெண்டு பேரும் சின்ன வயசுல சேர்ந்து எடுத்துக்கிட்ட போட்டோ!"

தலைவர் சிரிக்கவில்லை. "கூப்பிடுங்க. படிக்கட்டுக்குக் கீழே உட்கார அனுமதி குடுத்திருப்பாங்களே, அந்தச் சீட்டையும் கொண்டு வரச் சொல்லுங்க."

டைப்பிஸ்ட் வந்தார். அறுபதை நெருங்கும் வயது. பிளாஸ்டிக் உறையில் இருந்த அனுமதிச் சீட்டை மேஜைமேல் வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"போட்டோ கேக்கச் சொல்லி எந்தச் சட்டத்துல இருக்கு?"

"எதுலயும் இல்லீங்க ஐயா."

"பின்னே?"

"தேடணும்னா பழைய பெட்டியைத் திறக்கணும் இல்லீங்களா? திறந்தா போட்டோ மட்டுமா கிடைக்கும்?"

"பாருங்க, பாருங்க, பேச்சைப் பாருங்க!" என்றார் செயலாளர். "நிஜமாவே ஏமாந்து போய் வர்றவன் என்னய்யா பண்ணுவான்? அவனும் பெட்டியைக் குடையணுமா?"

"அவங்க சாயங்காலமே வந்துடுவாங்க, சார். 'தேடினேன், இல்லை'ன்னு சொன்னாலே போதும், உட்கார வச்சு அடிச்சுக் குடுத்துடுவேன். ஒரு நாளுக்கு மேல யாரையும் நிறுத்தினதில்லை. திரும்பி வராதவங்களைத்தான் நீங்க என் கணக்குல எழுதறீங்க."

"நல்லெண்ணமாவே இருக்கட்டும்" என்றார் தலைவர். "வழக்குப் போடறது அவங்க உரிமை. குறுக்கே நிக்க நீங்க யாரு? இந்தச் சீட்டை ரத்து பண்ணச் சொல்லி எழுதறதைத் தவிர எனக்கு வேற வழி தெரியலை."

சீட்டை உறையிலிருந்து உருவினார். அதன் பின்னாலிருந்து ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படம் நழுவி விழுந்தது.

இரண்டு பையன்கள். சின்னவன் காலில் அவனுக்குச் சற்றும் பொருந்தாத பெரிய ஷூ. பக்கத்தில் பெரியவன், வெறுங்காலோடு.

"சின்னவன் நான்தாங்க. ஷூ இல்லாம நிக்க மாட்டேன்னு ஸ்டூடியோவுல ஒரே அழுகையாம். அண்ணன் கழட்டிக் குடுத்துட்டார்."

"அண்ணன் எங்கே இப்போ?" புள்ளிவிவர அதிகாரி கேட்டார்.

"தெரியாதும்மா. வீட்டுக்காக அவர் மேல வழக்குப் போட்டேன். ஜெயிச்சேன். சாவியைக் குடுத்துட்டுக் கிளம்பிட்டார். அன்னிக்கே பீரோவை நகர்த்தினா, பின்னால இது கிடக்குது. எடுத்துக்கிட்டு ஸ்டேஷனுக்கு ஓடினேன். வண்டி போயிடுச்சு. முப்பத்தி நாலு வருஷமாத் தேடறேன்."

செயலாளர் படத்தை எடுத்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"எங்க வீட்டுலயும் இப்படி ஒண்ணு இருக்கணும். தங்கச்சியும் நானும்… யானை பொம்மை மேல உட்கார்ந்து…" என்று யாருக்கோ சொல்வதுபோல முனகியவர், சீட்டை எடுத்து டைப்பிஸ்ட் கையிலேயே திணித்தார். "போய் வேலையைப் பாருங்க. என் புகாரை நான் வாபஸ் வாங்கிக்கறேன்."

தலைவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"இதுக்குத்தான் நான் தலைபாடா அடிச்சுக்கறேன். வழக்கு இழுக்க இழுக்க உறவு அறுந்து போயிடுது. ஏம்ப்பா, உன் வழக்கை எந்தக் கோர்ட்ல, எத்தனை வருஷம் இழுத்தடிச்சாங்க?"

"அப்படிச் சொல்லக் கூடாதுங்க ஐயா" என்றார் டைப்பிஸ்ட், பணிவாக. "இதே ரூம்தான். அதோ அந்த ஜன்னலோரம்தான் நின்னுக்கிட்டிருந்தேன். எட்டே மாசத்துல தீர்ப்பு சொல்லிட்டீங்க."