பதக்கம் வாங்கிய துப்பாக்கி

இடுப்பில் துப்பாக்கி இல்லாதவனை இப்போது எந்த மார்க்கெட்டிலும் மூட்டை தூக்க விடுவதில்லை. குண்டு போட்டிருக்கிறதா என்று வாசலிலேயே பார்த்துவிடுகிறார்கள். எனக்குக் கிடைத்தது பழைய போட்டித் துப்பாக்கி.

"மெடல் வாங்குன சாமானுய்யா, ராசியானது" என்றுதான் கடைக்காரன் கொடுத்தான்.

நின்ற இடத்தில் நின்று குறி பார்க்கிறவர்களுக்காகச் செய்தது அது. விசையைத் தொட்டாலே வெடிக்கும். உறையும் விசையை மூடாது. குனிந்து நிமிர்கிறவன் கட்டிக்கொண்டு திரிகிற பொருளா அது? நேற்று சாக்கு நுனி உரசியதும் வெடித்துத் தரையைத் துளைத்தது.

இன்று என் மூட்டைக்குக் கை கொடுக்க ஒருவனும் வரவில்லை. இன்னொருவர் தூக்கிவிடாமல் வெங்காய மூட்டை முதுகில் ஏறாது.

"செங்கோடா, ஒரு கை பிடிடா" என்று கெஞ்சினேன்.

"உன்னய நம்பலாம் மச்சான். உன் இடுப்ப யாரு நம்புறது?"

எல்லோரும் சிரித்தார்கள். அங்கேயே கூட்டிப் பெருக்குகிற என் மனைவி பவுனு விளக்குமாற்றைப் போட்டுவிட்டு வந்தாள்.

"இடப்பக்கம் நில்லு புள்ள."

"அங்கதான் லாரி நிக்குதே, எங்கிட்டு நிக்க?"

துப்பாக்கிப் பக்கமே நின்று மூட்டையின் மூலைக் காதைப் பிடித்தாள். குழலுக்கு நேர் கீழே அவள் வெறுங்கால்.

"ம், குனி" என்றாள்.

குனிந்தேன்.