மான் வால்

"இதை நான் எடுத்துக்கிறேன், கிளென். பில் போடு."

லொரெட்டா தேர்ந்தெடுத்து வைத்திருந்த துப்பாக்கியை, "குடு பாப்போம்" என்று அவள் கையிலிருந்து வாங்கிய கிழவர் மெர்ல்தான் இப்படிச் சொன்னார். கிளெனின் துப்பாக்கிக் கடையிலிருந்த பத்துப் பன்னிரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

மான் வேட்டை தொடங்க ஆறே நாள். பென்சில்வேனியாவின் அந்த மலையூரில் வேட்டையின் முதல் நாள் பள்ளிக்கூடத்துக்கே விடுமுறை. பள்ளிச் சமையலறையில் வேலை பார்க்கும் லொரெட்டாவின் வீட்டில், புருஷன் கர்ட்டிஸ் சுட்டு வரும் மான்தான் குளிர்காலம் முழுக்கக் கறி. இந்த வருஷம் அவன் கூரையிலிருந்து விழுந்து இடுப்பை ஒடித்துக்கொண்டான். வைத்தியச் செலவில் அவன் துப்பாக்கியும் போயிற்று.

அதனால் தானே வேட்டைக்குப் போவதென்று உரிமம் வாங்கிவிட்டாள் லொரெட்டா. ரோஷக்காரி. சர்ச்சிலிருந்து வந்த உணவுப் பெட்டியை, "நாங்க இன்னும் அந்த நிலைமைக்கு வரலை" என்று சொல்லி சர்ச் வாசலிலேயே திருப்பி வைத்துவிட்டு வந்தவள்.

கையில் இருந்தது முந்நூறு டாலர். அந்தப் பணத்துக்குப் புதுத் துப்பாக்கி வராது. ராணுவங்கள் கழித்துப்போட்ட பழைய துப்பாக்கிகளை கிளென் கடையின் ஒரு மூலையில் அடுக்கி வைத்திருந்தான். அவற்றில் அவளுக்குக் கட்டுப்படியானது ஒன்றே ஒன்றுதான், ஒரு ரஷ்யத் துப்பாக்கி. அதைத்தான் மெர்ல் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, குழலில் உள்ள எண்ணைப் பார்த்து, தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் போல்ட்டில் உள்ள எண்ணைப் பார்த்து, கிளெனையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தனக்கென்றார்.

"நான்தானே முதல்ல எடுத்தேன்?" என்றாள் லொரெட்டா.

"எடுத்தா ஆச்சா? யாரு காசு வச்சாங்களோ அவங்களுதும்மா."

"உங்க வீட்டுலதான் இருபது துப்பாக்கி இருக்கே, பெரியவரே."

"இருபத்தொண்ணா இருந்துட்டுப் போகட்டும்."

லொரெட்டாவுக்குக் கண் கலங்கிவிட்டது. யாரும் பார்ப்பதற்குள் வெளியே போய்விட்டாள்.

ஊர் சும்மா இருக்குமா? மெர்ல் பெயர் நாறியது. முப்பது வருஷமாகத் துப்பாக்கி சேர்க்கிற மனுஷனுக்கு ஏழைப் பெண்ணின் கையிலிருந்து பிடுங்கினால்தான் திருப்தியா என்று பேசிக்கொண்டார்கள். ஓட்டல்காரி அவருக்கு மட்டும் ஆறிய காப்பியை ஊற்றினாள். அவர் அதையும் குடித்துவிட்டு, வழக்கம்போல கிளென் கடை ஸ்டூலில் வந்து உட்கார்ந்துகொண்டார்.

மூன்றாம் நாள் கிளென் போன் செய்தான். வெளியூர்க்காரர் ஒருத்தர் சுவிட்சர்லாந்து ராணுவத் துப்பாக்கி ஒன்றை விற்கச் சொல்லி வைத்துவிட்டுப் போயிருக்கிறாராம். முந்நூறு வந்தால் போதுமாம். கூடவே வேட்டைத் தோட்டா இரண்டு பெட்டி.

லொரெட்டா ஓடிப்போய் வாங்கினாள். கல் குவாரியில் இரண்டு நாள் சுட்டுப் பழகினாள். வேட்டையின் இரண்டாம் நாள், பொழுது விடிந்து ஒரு மணி நேரத்தில் ஒரே குண்டில் மான் விழுந்தது. அவள் அங்கேயே பனியில் உட்கார்ந்து அழுதாள்.

முதல் மான் விழுந்தால் நாலு பேருக்குப் பங்கு கொடுக்க வேண்டும். முதுகுத்தண்டை ஒட்டிய நல்ல கறியை நன்றிச் சீட்டோடு கிளெனுக்கு அனுப்பினாள். மெர்லையும் மறக்கவில்லை. மானின் வாலை அறுத்து, காகிதத்தில் சுற்றி, மேலே 'உங்கள் பங்கு, பெரியவரே' என்று எழுதி அதே பையில் போட்டு அனுப்பினாள். மனசு குளிர்ந்தது.

அன்று மத்தியானம் கர்ட்டிஸ் படுக்கையில் சாய்ந்தபடியே, பனியில் நனைந்த துப்பாக்கியைத் துடைத்துக்கொண்டிருந்தான். தோளில் அணைக்கும் மரக்கட்டையின் அடியிலிருந்த இரும்புத் தகட்டைக் கழற்றினான்.

"சுவிட்சர்லாந்துக்காரங்க பழக்கம் இது. துப்பாக்கிய வச்சிருந்த சிப்பாய் தன்னோட பேரை எழுதி இதுக்குள்ள வச்சிடுவான். இங்க வாங்குறவங்களும் அதையே செய்வாங்க."

உள்ளே இரண்டு சீட்டுகள் இருந்தன. பழுத்துப்போன ஒன்றில் ஏதோ மலைக் கிராமத்துச் சிப்பாயின் பெயர். இன்னொன்றைக் கர்ட்டிஸ் பிரித்துப் படித்தான். அவளிடம் நீட்டினான்.

'மெர்ல் ஸ்டௌஃபர், 1994.'

"வெளியூர்க்காரர்னு சொன்னானே கிளென்!" என்றாள் லொரெட்டா.

"அன்னிக்குக் கடையில அந்த ரஷ்யத் துப்பாக்கியோட எண்ணை எல்லாம் பாத்தாரா?" என்று கேட்டான் கர்ட்டிஸ்.

"குழல்ல பாத்தாரு, போல்ட்டுலயும் பாத்தாரு. அப்புறம்தான் பணத்தை எடுத்தாரு."

"அப்ப ரெண்டு எண்ணும் வேற வேறயா இருந்திருக்கும். வேற துப்பாக்கியோட போல்ட்டு. பொருந்தலேன்னா சுடறப்போ மூஞ்சியிலேயே வெடிக்கும்."

"அதைச் சொல்லித் தொலைக்கிறதுக்கென்ன?"

"அத்தனை பேர் முன்னாடி சொன்னா கிளென் பொழப்பு என்னாகும்? சரி, தன்னோட துப்பாக்கிய இந்தா வச்சுக்கோன்னு அவரு உங்கிட்ட நீட்டியிருந்தா நீ வாங்கியிருப்பியா? சர்ச் பெட்டியையே திருப்பி வச்சவ நீ."

லொரெட்டாவுக்கு வால் பொட்டலம் ஞாபகம் வந்தது. கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்புவதற்குள் போன் அடித்தது. கிளென்தான். அவனுக்குப் பின்னால் ஒரே சிரிப்புச் சத்தம்.

"லொரெட்டா, என்னத்தை அனுப்பி வச்சே இந்த மெர்லுக்கு? அந்த வாலைத் தொப்பியில குத்திக்கிட்டு, வர்றவன் போறவன் கிட்டயெல்லாம் காட்டிக்கிட்டு உக்காந்திருக்காரு. 'அந்தப் பொண்ணோட முதல் மான்டா, என்னையும் நினைச்சு அனுப்பியிருக்கா'ங்கிறாரு."